ஆளுக்கு இரண்டு மணி: பிள்ளைகளின் ஹேண்ட்பெல் குழுக்கள்

(திரையில்: பஞ்சு மெத்தை விரித்த நீளமான மேசை. கையுறை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.)

பியானோ கற்கும் பிள்ளைக்கு எல்லாச் சுரங்களும் எதிரிலேயே இருக்கும். ஹேண்ட்பெல் (கைமணி) குழுவில் சேரும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கைக்கு ஒரு மணி, அதாவது இரண்டே சுரங்கள். மூன்று ஸ்தாயித் தொகுதியில் 37 மணிகள். வாசிக்கச் சுமார் 11 பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு மெட்டில் ஓட்டை விழும்!

(திரையில்: இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரம்.)

இங்கிலாந்தில் கோபுர மணி அடிப்பவர்கள் ஒத்திகை பார்த்தால் ஊருக்கே கேட்கும். அந்தத் தொல்லை இல்லாமல் ஒத்திகை பார்க்கத்தான் 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இந்தக் கைமணிகள் உருவாயின. 1902இல் லண்டன் போன பாஸ்டன்காரர் மார்கரெட் ஷர்க்ளிஃப், பரிசாகக் கிடைத்த கைமணிகளோடு ஊர் திரும்பினார். 1923இல் ஒரு குழு தொடங்கினார். 1954இல் அமெரிக்க அளவில் சங்கமே அமைந்தது. அப்புறம் தேவாலயம், பள்ளி என்று பிள்ளைகளின் குழுக்கள் பரவின.

(திரையில்: மணியின் நாக்கு, மிக அருகில்.)

நம் பூஜை மணியின் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும். இதன் நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே போகும். அடித்ததும் ஸ்பிரிங் அதை விலக்கிவிடும். அதனால் ஒரு வீச்சுக்கு ஒரே அடி. மணியை முன்னால் வீசி வட்டமாகச் சுழற்றுவது சுலபம்தான், சீக்கிரமே வந்துவிடும். கஷ்டம் நிறுத்துவதில். சுரத்தின் அளவு முடிந்ததும் மணியைத் தோளில் ஒற்றி ஒலியை அடக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் அடுத்த சுரத்தோடு கலந்து எல்லாம் கலங்கிவிடும். கையுறை அழகுக்கு இல்லை, வியர்வை பட்டால் வெண்கலம் கறுக்கும்.

சரி, இவ்வளவு வெண்கலத்துக்குப் பள்ளிகளிடம் பணம் ஏது? 1980களில் ஹேண்ட்சைம் வந்தது. அலுமினியக் குழாய், வெளியே ஒரு சுத்தியல், அவ்வளவுதான். விலை குறைவு, கீழே விழுந்தாலும் பெரிதாகப் பயமில்லை. சிறுவர் குழுக்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அவரவர் சுரத்தைத் தாளில் வண்ணப் பென்சிலால் வட்டமிட்டு, எண்ணிக்கொண்டே காத்திருந்தால் போதும். வளர வளரக் கனமான கீழ்ஸ்தாயி மணிகள் வரும். தேர்ந்தவர்கள் ஒரே கையில் இரண்டு மணிகளைக் குறுக்காகக் கோத்துப் பிடித்து, வேண்டியதை மட்டும் ஒலிக்க வைப்பார்கள். முன்னால் தட்டினால் ஒன்று, பக்கவாட்டில் திருப்பினால் மற்றொன்று.

(திரையில்: அந்தப் பிடி, மெதுவாக இரண்டு முறை.)