பழைய மோட்டார்ஹோமுக்கு உதிரிபாகம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியவை

வணக்கம் நண்பர்களே. இங்கே ஜெர்மனியில் இருபது வயதைக் கடந்த மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளே வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகளை, வாங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இந்தக் கம்பெனி வண்டிக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லித் தேடினால் பாதி நாள் வீணாகிவிடும். அந்த நிறுவனம் கட்டியது மேலே உள்ள வீட்டை மட்டுமே. கீழே ஓடுவது ஒருவருடையது, உள்ளே எரிவதும் குளிர்விப்பதும் வேறு சிலருடையவை.

முதலில் கீழே இருப்பதைப் பார்ப்போம். என் வண்டி ஃபியட் டுகாட்டோ என்ற வேனின் மீது கட்டப்பட்டது. டுகாட்டோ, பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ஜம்பர் ஆகிய மூன்றும் இத்தாலியின் அட்டெஸாவில் உள்ள ஒரே தொழிற்சாலையில் உருவான வண்டிகள் என்பதால், ஒன்றுக்குக் கிடைக்காத பாகம் மற்றொன்றின் பெயரில் கிடைத்துவிடுவது உண்டு. 2.8 ஜேடிடி என்ற டீசல் எஞ்சினாக இருந்தால் இவெகோ டெய்லி வேன் பழுதுபார்ப்பவர்களிடமும் கேளுங்கள், அது அவர்களுக்கு நன்கு பழக்கமான எஞ்சின். ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், தயாராகி, அதன்மீது வீடு கட்டப்பட்டு, விற்பனையாகிப் பதிவாவதற்குள் ஓராண்டுக்கு மேல் கடந்திருக்கலாம். 2002-இல் டுகாட்டோவின் மாதிரி மாறியது. ஆகவே 2003-இல் பதிவான வண்டிகூட முந்தைய மாதிரியாக இருக்க வாய்ப்புண்டு. சேஸி எண்ணைக் கொடுத்துக் கேட்பதே பாதுகாப்பு. பின்பக்கம் ஆல்-கோ என்ற வேறொரு நிறுவனத்தின் சேஸியாக இருந்தால், பின் அச்சில் உள்ள தகட்டின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிறேன், பாருங்கள். இது கேஸ் சுடரின் அல்லது மின்சார ஹீட்டரின் வெப்பத்தைக் கொண்டு குளிர்விக்கும் வகை. உட்சுவரில் ஒட்டியுள்ள இந்தச் சிறிய தகட்டில் டொமெட்டிக் என்ற பெயரும் மாடல் எண்ணும் தெரிகின்றன. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதே தகட்டில் உள்ள புராடக்ட் எண். ஏனெனில் ஒரே மாடல் பெயரில் வந்த பெட்டிகளுக்குள்ளும் பாகங்கள் மாறியிருக்கலாம். 12 வோல்ட், 230 வோல்ட் ஹீட்டர் கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வாட் அளவோ வேறு. பற்றவைத்த சுடர், குமிழிலிருந்து கையை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது என்றால், முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லும் பேச்சுக்கு உடன்படாதீர்கள். பெரும்பாலும் சுடர் அருகே நிற்கும் தெர்மோகப்பிள் என்ற மெல்லிய வெப்ப உணரிதான் காரணமாக இருக்கும், அது விலை குறைந்த பாகம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். பழைய ஜெர்மன் வண்டிகளின் கேஸ் அமைப்பு 50 மில்லிபார் அழுத்தத்தில் இயங்கியது. பின்னர் வந்தவை 30 மில்லிபார். பழைய வண்டியிலிருந்து பிரித்த ட்ரூமா நிறுவனத்தின் கேஸ் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் முன், அதன் தகட்டில் உள்ள அழுத்தத்தை உங்கள் வண்டியின் ரெகுலேட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பொருத்தும் வேலையைக் கேஸ் சோதனைக்குத் தகுதி பெற்றவரிடம் விடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் அந்தச் சோதனை 2025 ஜூன் முதல் இங்கே சட்டப்படி கட்டாயம்.

கழிப்பறைக் கேசட்டின், அதாவது வெளியே எடுத்துக் காலி செய்யும் கழிவுத் தொட்டியின், ரப்பர் வளையம், தண்ணீர் பம்பு போன்றவை பெரிய கேம்பிங் கடைகளில் எளிதில் கிடைக்கும். உண்மையில் அலைய வைப்பது ஜன்னல்தான். இரட்டை அக்ரிலிக் தகட்டின் ஓரத்தில் தயாரிப்பாளர் பெயரும் அனுமதி எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றோடு அகலம், உயரம், மூலை வளைவு ஆகியவற்றை அளந்து, படத்துடன் வண்டிகளைப் பிரித்து விற்பவர்களுக்கு அனுப்புங்கள். எங்கும் இல்லை என்றாலும் வழியுண்டு. பழைய ஜன்னலை மாதிரியாக வைத்து அதே வளைவில் புதிதாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அதனால் விரிசல் விட்ட ஜன்னலை, துண்டுகளாகவே இருந்தாலும், புதியது வண்டியில் பொருந்தும்வரை தூக்கி எறியாதீர்கள்.