திறப்பு விழாவுக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். ஆலோசனைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பூங்காவோ, சாலையோர மரங்களோ, நினைவுத் தூணோ, எந்தத் திட்டம் மேசைக்கு வந்தாலும் படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், திறப்பு விழா முடிந்ததும் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

நான் இப்படிச் சொல்ல ஒரு மரம்தான் காரணம். அப்பாவின் நினைவாக ஒரு குடும்பம் பணம் கட்டி நட்ட மரம் அது. மூன்றாவது வருடம் பட்டுப்போய்விட்டது. தோண்டிப் பார்த்தால், நாற்றங்காலில் இருந்து வந்த பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலேயே குழியில் இறக்கியிருக்கிறார்கள், வேரெல்லாம் வெளியே போக வழியில்லாமல் கயிறு சுற்றின மாதிரி உள்ளேயே சுற்றிக் கிடக்கிறது, போதாததற்குத் தண்டின் அடியில் ஒரு முழம் உயரத்துக்கு மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெயர்ப் பலகைக் கல் மட்டும் புதுசு போல இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை வந்து கல்லைத் துண்டால் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் திட்டத்துக்குப் பரிந்துரை செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கல்லில் வெட்டும் எழுத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம், குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

மரத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் பரவும், கிளைகளின் நிழலைத் தாண்டியும் போகும். சுற்றிலும் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு மரம் வளரவில்லையே என்றால் எப்படி? முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றும் செலவு டெண்டரிலேயே இருக்க வேண்டும்.

சரி, நாம் சொன்னால் கேட்பார்களா, நமக்கு அதிகாரம் இல்லையே என்று தோன்றலாம். வாஷிங்டனில் 1910-ல் அமைத்த நுண்கலை ஆணையமும் ஏழு பேர் கொண்ட ஆலோசனை அமைப்புதான். வியட்நாம் போர் நினைவிடத்துக்கு 1981-ல் வந்த 1,421 வடிவமைப்புகளில், பெயர் தெரியாமலேயே தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவியுடையது. போரில் இறந்த, காணாமல் போன வீரர்களின் பெயர்களை வெட்டிய கறுப்புக் கல் சுவர் அது. அது அவமானம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சிலையும் கொடிக்கம்பமும் வேண்டும் என்றார்கள். ஆணையம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது, ஆனால் சுவரின் நடுவில் வேண்டாம், தள்ளி வையுங்கள் என்றது. அதனால்தான் இன்றும் அந்தச் சுவர் சுவராகவே நிற்கிறது. 1982-ல் திறந்தபோது 57,939 பெயர்கள் இருந்தன. அப்புறமும் சேர்த்துக்கொண்டே வந்து இப்போது 58,000-ஐத் தாண்டிவிட்டது.

அதனால் பெயர் பொறிக்கும் கல் எது வந்தாலும், விடுபட்ட பெயரைச் சேர்க்க இடம் விட்டிருக்கிறார்களா, பிழையாக வெட்டிவிட்டால் எப்படித் திருத்துவார்கள், செலவு யாருடையது என்று கேளுங்கள். பளிங்கு என்றால் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள், மழையில் எழுத்து மெல்ல மழுங்கும், கருங்கல் தாங்கும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் விரலால் தடவிப் பார்க்கிற எழுத்து அது.

கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நினைவுத் தோட்டத்தின் கோப்பு வருகிறது. அதில் பராமரிப்புக்கு ஒரு பக்கம்கூட இல்லை. திருப்பி அனுப்பலாம் என்று நான் சொல்லப்போகிறேன், நீங்களும் கூட நில்லுங்கள்.