மாசி ராத்திரியும் ஒரு பிடி மண்ணும்

வணக்கம் நேயர்களே. பிப்ரவரி வந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான்: "சிவராத்திரி என்றைக்கு? நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள்?" எங்கள் பக்கம் சிவராத்திரி என்றால் குலசாமி கும்பிடு.

மாசி மாதம் பெரும்பாலும் பிப்ரவரி 13 வாக்கில் பிறக்கிறது. போன வருசம் சிவராத்திரி பிப்ரவரி 26-ல் வந்தது. இந்த 2026-ல் 15-ஆம் தேதியே வருகிறது. அறுப்பு முடிந்து, புது நெல் வீடு வந்து, கையில் நாலு காசு புழங்கும் நேரம். ஊர் கூடிச் செலவு செய்ய இதைவிடத் தோதான மாதம் ஏது?

உசிலம்பட்டிப் பக்கம் இதை மாசிப் பச்சை என்பார்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டிகளைத் தலையில் சுமந்து போவதைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சனம் நடக்கும்.

எங்கள் அய்யனார் கோயில் கண்மாய்க் கரையில் இருக்கிறது. சின்ன வயதில் அங்கே முழு ராத்திரியும் விழித்திருப்போம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அப்பத்தா தன் சேலைத் தலைப்பை எனக்குப் போர்த்திவிட்டு, "உறங்காதய்யா, சாமி வர்ற நேரம்" என்பார். விடியக் கருக்கலில் சாமி முன்னாலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அப்பா என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது. பஞ்சத்திலோ சண்டையிலோ ஊரை விட்டுப் போனவர்கள் இப்படித்தான் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் சாமியை நிறுத்தினார்கள். எங்கள் கோயிலும் அப்படி வந்ததுதான்.

அப்புறம், கட்டிக்கொடுத்த பெண்களும் ஊரை விட்டுப் போனவர்கள்தானே? புகுந்த வீட்டுச் சாமியே அவர்கள் சாமி, கோயில் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி அவர்களுக்குக் கிடையாது என்பது வழக்கம். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. என் மகள் வருசம் தவறாமல் வந்து பொங்கல் வைக்கிறாள். போன மாசியில் பேரன், பூசாரி கொடுத்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இந்த வருசம் மகள் பெயரை வரி நோட்டில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பங்காளிகள் இன்னும் பதில் சொல்லவில்லை. 15-ஆம் தேதி ராத்திரி கோயிலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் பூசாரி. மகளும் வருகிறாள்.

நன்றி, வணக்கம்.