சாமி வரமும் பூசாரி கையெழுத்தும்

அவைத்தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பேருந்து தாமதமானதால் இன்னும் வந்துகொண்டே இருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவிகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள், நன்றி. வீட்டில் துண்டு வைக்க இடமில்லை.

அரசியலுக்கு வரும் பெண்களை அடித்தும் மிரட்டியும் விரட்டுவதைத் தடுக்க மூன்று கேட்க வந்தேன். தனிச்சட்டம், கட்சிக்குள் புகார்க்குழு, ஊராட்சிக் காசோலையில் தலைவரின் ஒற்றைக் கையெழுத்து.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்கள். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. பூசாரி என்ன செய்தான்? 1997-இல் மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்குப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதியை வெட்டிக் கொன்றான். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினான்.

முதலாவது, தனிச்சட்டம். தென் அமெரிக்காவில், பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற பெண் கவுன்சிலரைக் கூட்டத்துக்குள்ளேயே விடாமல் அலைக்கழித்தார்கள். 2012 மார்ச்சில் கொன்றுவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் அங்கே 243-ஆம் சட்டம் வந்தது. பெண் பிரதிநிதியை நெருக்கிப் பதவி விலக வைப்பதும் அதில் குற்றம். இங்கே அதற்கு ‘சமாதானம் பேசுவது’ என்று பெயர்.

இரண்டாவது, கட்சிகள். கட்சி வேலை கொடுக்கும் இடம் அல்ல, அதனால் பாலியல் தொல்லைப் புகார்க்குழு கட்டாயமில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைப் பற்றி நிறையப் பேசலாம். அவைத்தலைவர் கடிகாரம் பார்க்கிறார்.

காசோலைக்கு வருகிறேன். ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தங்கை முறையாகும் ஒரு தலைவி. ஊர்ப்பெயர் வேண்டாம், மறுபடி நிற்கப்போகிறார். கோடையில் மோட்டார் எரிந்துவிட்டது. அதற்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டிய மெக்கானிக், பணம் வந்தால்தான் இறக்குவேன் என்கிறார். மஞ்சள் பையில் காசோலைப் புத்தகத்தோடு தங்கை துணைத்தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறது. “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேம்மா.” மறுநாள், “இன்னைக்கு அஷ்டமி.” அடுத்த நாள், “கண்ணாடி உடைஞ்சுபோச்சு.” ஒரு வாரம். தெருவெல்லாம் காலிக்குடம். எட்டாம் நாள் அவரே ஓடி வருகிறார். பேத்திக்குக் காதுகுத்து, முந்நூறு இலை, அண்டாவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தங்கை பையைப் பிரித்து, “அண்ணே, அஷ்டமி போயிருச்சா?” என்றது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரியே அதன் ஸ்கூட்டி டயர் இரண்டையும் கிழித்து, சீட்டில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். ஸ்டேஷனில், “வீட்டுக்காரர் வரலையா?” என்றுதான் முதலில் கேட்டார்களாம். சாமி வரம் கொடுத்தாலும்... நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கூட்டுக் கையெழுத்து ஊழலைத் தடுக்கும் என்பார்கள். தணிக்கை எதற்கு இருக்கிறது? ரசீதுகளை ஊர் நடுவில் வைத்துக் கிராம சபை கேட்கட்டும். ஒருத்தர் கண்ணாடிக்காக ஊரே தாகத்தில் கிடக்க வேண்டாம்.

ஊரக வளர்ச்சித் துறைக்கு மனு எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது, போன கூட்டத்தில் நாலு போய்விட்டது.