குலசேகரத்தில் இலை கொட்டுது, பூவே இல்லாமல் தேன் வருது!

மக்களே, வணக்கம். (குமரி மாவட்டத்தில் பச்சைப்பிள்ளையிலிருந்து தாத்தா வரை எல்லோரும் ‘மக்களே’தான், சேனலுக்காகச் சொல்வது இல்லை.) என் கையில் இருக்கிற இந்தத் தேன் எந்தப் பூவில் எடுத்தது? கமெண்டில் போட்டுவிட்டு வாருங்கள், எப்படியும் தப்பாகத்தான் இருக்கும்.

முதலில் இலை. பச்சையம் அழிந்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பு மட்டும் கடைசி நேரத்தில் புதிதாக உருவாகிறது, அப்புறம் காம்பின் அடி கழன்று இலை விழுகிறது. அறிவியல் முடிந்தது, தூங்கிவிடாதீர்கள்.

காஷ்மீர் சினார் மரம் அக்டோபர், நவம்பரில் குளிருக்குச் சிவக்கும். நம்மூரில் ஏது குளிர்? வடகிழக்கு மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியதும், தண்ணீரை மிச்சம் பிடிக்க ரப்பர் மரம் இலையைக் கொட்டுகிறது. டிசம்பர் கடைசியில் காலை வெயிலோடு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஆரஞ்சும் மஞ்சளும்தான். அந்த பஸ் டிக்கெட் காசுக்கு ஸ்ரீநகரில் டீ கூடக் கிடைக்காது. இந்த மரமே பிரேசில்காரன், 1876-இல் ஹென்றி விக்கம் கப்பலில் கொண்டுபோன விதைகளின் வழியாக ஆசியாவுக்கு வந்தது. சரி, அந்தக் கதை இன்னொரு நாள்.

இப்போது தேன்! மொட்டையாக நின்ற மரம் சில வாரத்திலேயே செம்பு நிறத்தில் துளிர்க்கும். ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும் இல்லையா, அந்த மூன்றும் காம்பில் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், குட்டிக் குட்டியாகச் சுரப்பி தெரியும். துளிர் விரிந்து முற்றி வரும்போது அதில் இனிப்பு நீர் கசியும். பூவே வேண்டாம், தேனீ நேரே இலைக்காம்புக்குப் போய் உறிஞ்சிக்கொள்ளும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். மார்த்தாண்டம் பக்கம் வாங்கும் தேனில் பெரும்பங்கு இந்த இலைத்தேன். எனக்கே இது தெரிய முப்பது வயதாகிவிட்டது, ரப்பர் விளைக்கு நடுவில் வளர்ந்தவன் நான், வெட்கம்தான்! ‘ரோஜா’ என்று கமெண்ட் போட்டவர்கள் எல்லாம் ஒரு லைக் போட்டுப் பரிகாரம் செய்துகொள்ளுங்கள்.

இனி கீழே கிடக்கும் சவறு. தோட்டத்தில் விழுந்ததை அப்படியே விடுங்கள், மண்ணின் ஈரத்தைக் காக்கும், மட்கி உரமாகும். ஓரத்தில் மட்டும் தீ பரவாதபடி ஒரு பட்டை அகலத்துக்குக் கூட்டி ஒதுக்கிவிடுங்கள், வெயில் காலத்தில் ஒரு பீடித் துண்டு போதும். முற்றத்துச் சருகைத் தென்னை மூட்டிலும் வாழை மூட்டிலும் போடலாம், சாணம் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் மட்கும். கொளுத்துவது வேண்டாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லியிருக்கிறது.

இதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். “மக்கா, காஷ்மீரிலே அந்த இலையைக் கரிச்சுக் காங்க்ரிச் சட்டியிலே போட்டுக் குளிர்காயுதாவன்னு நீதானே அன்னைக்குச் சொன்ன?” என்றாள். உண்மைதான், சொன்னேன். மார்ச் மாதக் குமரி வெயிலில் நமக்கு எதற்கம்மா சட்டி? பதில் இல்லை, ஆனால் தீப்பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன்.