எல்லையோரச் சுரங்கக் கல்லூரி: எல் பாசோ பல்கலைக்கழகமும் அதன் விளையாட்டுக் களமும்

[காட்சி: வறண்ட பாறைக் குன்றுகளின் நடுவே, உள்நோக்கிச் சாய்ந்த சுவர்களும் அகன்ற கூரைகளும் கொண்ட கட்டடங்கள்]

திரையில் தெரியும் இந்தக் கட்டடங்கள் பூட்டான் நாட்டு மடாலயங்களைப் போலத் தோன்றினாலும், இவை இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றின் அக்கரையில் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம் கண்ணுக்கெட்டும் தொலைவில் அமைந்த எல் பாசோ என்னும் ஊரில். சுரங்கத் தொழிலையும் உலோகவியலையும் கற்பிப்பதற்காக மாநில அரசு தொடங்கிய இந்தக் கல்லூரி, 1914ஆம் ஆண்டில் 27 மாணவர்களுடன் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதன் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது. புதிய இடத்தில் எப்படிக் கட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, கல்லூரித் தலைவரின் மனைவி கேத்லீன் வொரல், நேஷனல் ஜியாகிராஃபிக் இதழ் 1914 ஏப்ரலில் வெளியிட்ட பூட்டான் புகைப்படங்களை நினைவுகூர்ந்தார். அந்த மலைகளும் இந்த மலைகளும் ஒன்றுபோல இருக்கின்றனவே என்பது அவருடைய எண்ணம். பூட்டானின் திசையையே அறியாத ஒரு பாலைவன ஊர், ஓர் இதழின் படங்களை வைத்துக்கொண்டு 1917இல் கட்டத் தொடங்கிய பாணியை இன்றுவரை கைவிடவில்லை.

[காட்சி: டெக்சாஸ் வரைபடம், எல் பாசோவிலிருந்து ஆஸ்டின் வரை நீளும் கோடு]

1919இல் இது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிளையானது. 1949இல் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி என்றும், 1967இல் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் என்றும் பெயர் மாறியது. அதன் அணிகளுக்கு மட்டும் 'மைனர்ஸ்', அதாவது சுரங்கத் தொழிலாளர்கள், என்ற பழைய அடையாளமே நிலைத்தது. தலைநகர் ஆஸ்டின் ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இருந்த செல்வமோ புகழோ இந்தக் கல்லூரிக்கு இல்லை. அந்தத் தொலைவைக் குறையாக மட்டும் பார்த்தால் அடுத்து நடந்தவை விளங்காது.

1954இல், எல் பாசோவின் கறுப்பினப் பள்ளியில் முதலிடம் பெற்ற தெல்மா ஒயிட் இக்கல்லூரியில் இடம் கேட்டார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் சென்றார். 1955இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது, அவ்வாண்டே பன்னிரண்டு கறுப்பின மாணவர்கள் சேர்ந்தனர். இளங்கலை வகுப்புகளைக் கறுப்பினத்தவருக்குத் திறந்த முதல் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுள் ஒன்றாக இது ஆனது அப்படித்தான். வழக்குத் தொடுத்த தெல்மா, அதற்குள் அண்டை மாநிலமான நியூ மெக்சிகோவில் சேர்ந்திருந்ததால் அங்கேயே படிப்பைத் தொடர்ந்தார். விளையாட்டு வரலாற்றைப் பேசுகிறவர்கள், இக்கல்லூரி கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியக் கோப்பையை வென்ற 1966இலிருந்து தொடங்குவது வழக்கம். தொடங்க வேண்டிய இடம் இந்த வழக்கு என்பது என் கருத்து. 1956இலேயே இங்கு ஒரு கறுப்பின இளைஞர் கூடைப்பந்து அணியில் ஆடிவிட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பின்னர் வந்த வெற்றி வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பது புலப்படும்.

[காட்சி: பழைய கூடைப்பந்து அரங்கின் கறுப்பு வெள்ளைப் படம்]

1961இல் டான் ஹாஸ்கின்ஸ் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்தார். அதுவரை சிற்றூர்ப் பள்ளி அணிகளைப் பயிற்றுவித்த அவர், மனைவி மக்களுடன் விளையாட்டு வீரர்களின் விடுதியிலேயே குடியேறினார். அவர் வந்தபோதே அணியில் நோலன் ரிச்சர்ட்சன் என்ற உள்ளூர்க் கறுப்பின வீரர் இருந்தார். அதே ரிச்சர்ட்சன் பிற்காலத்தில் பயிற்சியாளராகி, 1994இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குத் தேசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். தென் மாநிலங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் திரும்பியும் பாராத இளைஞர்களை, டெட்ராய்ட், ஹூஸ்டன், கேரி, நியூயார்க் ஆகிய நகரங்களிலிருந்து ஹாஸ்கின்ஸ் திரட்டினார்.

1965–66 பருவத்தில் அந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. இறுதிக்கு முன்னேறும் வழியில் கான்சாஸ் அணியை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 81–80 என்று ஒரு புள்ளியில் வென்றது. 1966 மார்ச் 19 அன்று மேரிலாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, நான்கு முறை கோப்பை வென்ற பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பின் கென்டக்கி அணி. அதில் ஆடியவர்கள் அனைவரும் வெள்ளையர். ஹாஸ்கின்ஸ் தொடக்கத்தில் ஐந்து கறுப்பின வீரர்களை இறக்கினார். மாற்று வீரர்களாக வந்த இருவரும் கறுப்பினத்தவரே. கறுப்பின வீரர்கள் கட்டுப்பாடின்றி ஓடியாடுவார்கள், திட்டமிட்டு ஆட மாட்டார்கள் என்ற இழிவான கணிப்பு அன்று பரவலாக இருந்தது. ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள்.

[காட்சி: புள்ளி அட்டவணை]

களத்திலிருந்து வளையத்தில் போட்ட, தலா இரண்டு புள்ளி பெறும் பந்துகள் கென்டக்கிக்கு 27, டெக்சாஸ் வெஸ்டர்னுக்கு 22. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், தலா ஒரு புள்ளி பெறும் ஃப்ரீ த்ரோவில் கென்டக்கி போட்டது 11, டெக்சாஸ் வெஸ்டர்ன் போட்டது 28. முடிவு 72–65. யாரும் தடுக்க வராத கோட்டில் தனியாக நின்று, மூச்சை அடக்கி எறிய வேண்டிய ஃப்ரீ த்ரோவில், 34 வாய்ப்புகளில் ஆறை மட்டுமே அவர்கள் தவறவிட்டார்கள். கட்டுப்பாடு பற்றிய கேள்விக்கு இந்த எண்ணே போதுமான விடை. பாபி ஜோ ஹில் முதற்பாதியில் அடுத்தடுத்து இரண்டு முறை எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறித்துப் புள்ளியாக்கியது ஆட்டத்தைத் திருப்பியது. அவர் மொத்தம் 20 புள்ளிகள் எடுத்தார்.

வென்ற அணி வளையத்தின் வலையை அறுத்து எடுத்துக்கொள்வது அங்குள்ள மரபு. அன்று ஏணி கொண்டுவந்து கொடுக்க ஆளில்லாததால், உயரமான நெவில் ஷெட் தம் தோழர் வில்லி வோர்ஸ்லியைத் தூக்கிப் பிடிக்க, அவர் வலையை எடுத்தார். டெக்சாஸ் மாநிலத்துக்கு ஆடவர் கூடைப்பந்தில் அடுத்த தேசியக் கோப்பை 55 ஆண்டுகள் கழித்து, 2021இல் பெய்லர் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் வந்தது.

[காட்சி: ஓடுபாதை, மணல் குழி]

கதையை இங்கேயே நிறுத்துவது எளிது. பலரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகள் கழித்து, 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாள்களில், இதே பல்கலைக்கழகத்தின் கறுப்பினத் தடகள வீரர்கள் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் போட்டியிட மறுத்தனர். அப்பல்கலைக்கழகத்தை நடத்திய மார்மன் திருச்சபை கறுப்பினத்தவருக்குக் குருத்துவத்தை மறுத்துவந்தது. மறுத்த வீரர்களை நிர்வாகம் அணியிலிருந்து நீக்கியது, உதவித்தொகையும் போயிற்று. அவர்களுள் ஒருவர் நீளம் தாண்டும் வீரர் பாப் பீமன். பல்கலைக்கழகப் பயிற்சியாளர் இல்லாமல், போட்டியாளரான ரால்ஃப் பாஸ்டனின் துணையுடன் பயிற்சி செய்த பீமன், அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் தாண்டினார். முந்தைய உலகச் சாதனையைவிட அது 55 சென்டிமீட்டர் அதிகம். 1991 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. கறுப்பின வீரர்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட நிர்வாகம், அவர்கள் உள்ளே வந்து வாய் திறந்ததைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதை 1966இன் வெற்றியோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் வாசல் இன்னும் தொலைவுக்குத் திறந்தது. பயிற்சியாளர் டெட் பேங்க்ஸ் காலத்தில் கென்யா, தான்சானியா முதலிய நாடுகளின் ஓட்டவீரர்கள் எல் பாசோவுக்கு வந்தனர். அவர்களுள் சுலைமான் நியாம்புயி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெள்ளி வென்றார். மேடுபள்ளமான திறந்தவெளியில் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் ஓர் அணியின் முதல் ஐந்து வீரர்கள் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். தொகை குறைந்த அணியே வெல்லும். முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் 15 வரும், அதற்குக் கீழே போக வழியில்லை. 1981இன் தேசியப் போட்டியில் எல் பாசோ எடுத்தது 17. வயதில் மூத்த அயல்நாட்டவரைக் கொண்டுவந்து வெல்கிறார்கள் என்று பிற பயிற்சியாளர்கள் குறை கூறினர். அக்குறையில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆயினும் உள்ளூர்ப் பள்ளிகளின் சிறந்த ஓட்டவீரர்களைப் பணக்காரப் பல்கலைக்கழகங்கள் முன்னதாகவே அள்ளிக்கொண்ட நிலையில், எல்லையோரத்தில் இருந்தவர்கள் எல்லைக்கு அப்பால் தேடியதில் வியப்பில்லை.

[காட்சி: ஆற்றுப் பாலத்தின் வழியே நடந்து வரும் மாணவர்கள்]

ஹாஸ்கின்ஸ் 1999இல், 719 வெற்றிகளுடன், அதே ஊரில் ஓய்வு பெற்றார். 1966இன் அணி முழுவதும் 2007இல் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம்பெற்றது. இன்று இப்பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஸ்பானிய மொழி மரபினர். ஹுவாரெஸிலிருந்து பாலம் கடந்து வந்து படிப்பவர்களும் உண்டு. வாஷிங்டனில் 2008இல் நடந்த ஒரு விழாவுக்காகப் பூட்டான் கலைஞர்கள் செய்த மரக்கோயிலை அந்நாடு இப்பல்கலைக்கழகத்துக்கே பரிசளித்தது; புகைப்படத்தைப் பார்த்துக் கட்டிய சுவர்களின் நடுவே, 2015 முதல் அக்கோயில் நிற்கிறது.