கடிதத்தோடு சென்ற காசும் கைக்கு வராத குடியுரிமையும்

அவைத் தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிறந்த நாட்டுக்கும் குடியேறிய நாட்டுக்கும் இடையிலான உறவில் புலம்பெயர்ந்த சீனர்களின் பங்கு என்ன என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். அவர்கள் உலகெங்கும் வாழ்ந்தாலும், பெருந்தொகையினராகக் குடியேறிய தென்கிழக்கு ஆசியாவோடு என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு கடித உறையிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ மூட்டை சுமந்த ஒருவர், சீனாவின் புஜியான் மாநிலத்துக் கிராமத்தில் இருந்த தாய்க்கு அனுப்பிய உறை அது. எழுதத் தெரியாதவர்கள், கடைவீதி நடைபாதையில் மேசை போட்டு அமர்ந்திருந்த எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். ஊரும் பெயரும் மட்டுமல்லாமல், உடன் அனுப்பும் வெள்ளிப் பணம் எவ்வளவு என்பதும் உறையின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். 'சியாவ்பி' எனப்பட்ட இதைத் தொடக்கத்தில் கப்பலேறிப் போய்வரும் ஆட்களும், பின்னர் இதற்கென்றே ஏற்பட்ட கடைகளும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்; பணத்தைப் பெற்றவர் ஒரு சிறு சீட்டில் எழுதித் தந்த மறுமொழி மீண்டும் கடல் கடந்து வந்தது. நம்மவரிடையே ஆள்வழிப் பணம் அனுப்பும் உண்டியல் முறை நடந்ததைப் போலவே, ஆள்மீது வைத்த நம்பிக்கைதான் இதற்கும் முதல். 2013இல் யுனெஸ்கோ இக்கடிதங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வீட்டுக்குப் போன காசு காலப்போக்கில் ஊருக்கும் நாட்டுக்கும் போனது. 1890இல் சிங்கப்பூருக்கு வந்து ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய டான் கா கீ, பிறந்த ஊரான ஜிமெயில் பள்ளிகளையும் 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். 1934இல் அவருடைய நிறுவனமே மூடப்பட்ட பின்னரும், 1937இல் அரசு ஏற்கும்வரை பல்கலைக்கழகத்தைக் கைவிடாமல் தாங்கினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்தபோது, 1938இல் அவர் தலைமையில் தென்கிழக்கு ஆசியச் சீனர்கள் போர் நிதி திரட்டினார்கள். 1939இல் ஏறத்தாழ 3,200 ஓட்டுநர்களும் இயந்திரப் பணியாளர்களும், சீனாவுக்குப் போர்ச் சரக்கு சென்ற பர்மாச் சாலையில் சரக்குந்து ஓட்டப் புறப்பட்டார்கள்.

அதற்குரிய விலையைச் சிங்கப்பூரில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சலித்தெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பின்னர் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 5 கோடி டாலரை 'நன்கொடை'யாகக் கேட்டு வதைத்தது.

போருக்குப் பின் புதிய நாடுகள் பிறந்தபோது, 'நீ யாருடைய குடிமகன்?' என்ற கேள்வி எழுந்தது. சீனத் தந்தைக்குப் பிறந்தவர் எங்கே வாழ்ந்தாலும் சீனக் குடிமகனே என்று 1909இல் அப்போது சீனாவை ஆண்ட சிங் பேரரசு இயற்றிய சட்டத்தின் நிழல் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டின்போது, சீனா, இந்தோனேசியா இரண்டில் ஒரு நாட்டின் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழிசெய்யும் உடன்பாட்டில் சீனப் பிரதமர் சூ என்-லாய் இந்தோனேசியாவுடன் கையெழுத்திட்டார். தன் மக்கள் என்று உரிமை கொண்டாடுவதைச் சீனா விட்டுக்கொடுத்த அந்தக் கையெழுத்தே இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் உடன்பாடு நடைமுறைக்கு வருமுன்பே, 1959இல் வெளிநாட்டவர் ஊர்ப்புறங்களில் சில்லறை வணிகம் செய்வதை இந்தோனேசியா தடை செய்தது. இதனால் பிழைப்பிழந்த சீனர்களை அழைத்துவரச் சீனா கப்பல்களை அனுப்பியது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீனாவுக்குப் போனார்கள். அவர்களில் பலர் அரசுப் பண்ணைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். பின்னர் மாவோ நடத்திய கலாசாரப் புரட்சிக் காலத்தில் வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் என்ற ஐயத்துக்கும் ஆளானார்கள். ஒரு கரையில் சீனர், மறுகரையில் அந்நியர்!

மலேசியாவில் கதை வேறு திசையில் சென்றது. 1974இல் மலேசியப் பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் சென்று தூதரக உறவை ஏற்படுத்தியபோது, மலேசியக் குடியுரிமை பெற்றவர்கள் சீனக் குடியுரிமையைத் தாமாகவே இழப்பார்கள் என்று கூட்டறிக்கையிலேயே எழுதப்பட்டது. அந்தத் தெளிவுக்குப் பிறகு முதலீடு செய்ய அச்சம் குறைந்தது. சீனா 1980இல் வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கச் சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அமைத்தபோது, புலம்பெயர்ந்த சீனர்களில் பெரும் பிரிவினரான ஹொக்கியன் மக்களின் சியாமெனும் தியோசியூ மக்களின் சாந்தோவும் அவற்றில் இடம்பெற்றது தற்செயல் அன்று; கடிதமும் காசும் வந்து சேர்ந்த அதே துறைமுகங்களை நாடியே கடல் கடந்த மூலதனம் வரும் என்று கணக்கிட்டார்கள்.

சிங்கப்பூரோ, மக்களில் முக்கால் பங்கினர் சீனர் என்பதாலேயே அண்டை நாடுகளின் ஐயத்துக்கு இடம்கொடுக்க விரும்பாமல் காத்திருந்தது. இந்தோனேசியா 1990 ஆகஸ்டில் சீனாவுடன் முறிந்திருந்த உறவைப் புதுப்பித்த பிறகே, அக்டோபரில் அது தன் தூதரக உறவை ஏற்படுத்தியது.

அந்த இந்தோனேசியாவில், அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. பொதுவிடத்தில் சீன எழுத்து தடுக்கப்பட்டது. பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். குடியுரிமைச் சான்று கையில் இருந்தவர்களையும் சீனர்களைக் குறிவைத்த 1998 மே மாதக் கலவரம் விட்டுவைக்கவில்லை. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் சீனப் பண்பாட்டின் மீதான தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை நாளாயிற்று. இதற்குள் ஒரு தலைமுறை முழுவதும் சீன எழுத்தைக் கற்காமலே வளர்ந்துவிட்டது. பாட்டி எழுதிய மறுமொழிச் சீட்டு பெட்டியடியில் கிடைத்தாலும், அதைப் படித்துக் காட்ட அவர்கள் இன்னொருவரைத் தேடவேண்டியிருக்கிறது.